டிரோலிங் மோட்டாருக்கு ஒயர், பிரேக்கர், ஃபியூஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஏரிகளில் மீன்பிடிக்கப் போகும் நம்மவர்கள் பலர் பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கி, அதன் முனையில், படகை மெல்ல நகர்த்தும் மின்சார டிரோலிங் மோட்டாரைத் தாங்களே பொருத்திக்கொள்கிறார்கள். மோட்டாரை மாட்டுவது பெரிய வேலையில்லை, நாலு போல்ட்தான். அதற்குப் போகும் ஒயரில்தான் கோளாறு எல்லாம் வருகிறது. இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது 12 வோல்ட், 55 பவுண்ட் த்ரஸ்ட் (தள்ளுவிசை) மோட்டார். மோட்டார் முன்னால், பேட்டரி பின்னால், நடுவே 20 அடி. 24 வோல்ட், 36 வோல்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியே ஒரு கேள்வி உண்டு. சென்னையிலோ சிங்கப்பூரிலோ கேபிள் வாங்குபவர்களுக்காக, ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க கேஜ் அளவோடு (எண் குறையக் குறைய ஒயர் தடிமன்) சதுர மில்லிமீட்டர் கணக்கும் தந்திருக்கிறேன்.

மோட்டாரோடு வந்த ஒயரை நேரே பேட்டரியில் மாட்டினால் ஓடுகிறதே. பிரேக்கர் எதற்கு?

ஓடும், மறுக்கவில்லை. பிரேக்கர் தேவைப்படுவது ஓடாமல் போகிற அந்த ஒரு நாளுக்காக.

12 வோல்ட் என்றதும் "ஷாக் அடிக்காது" என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ஷாக் அடிக்காதுதான். ஆனால் தீப்பிடிக்கும். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸும் ஒயர் வழியாக ஒன்றையொன்று தொட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஒயரின் மேலுறை சில விநாடிகளில் உருகிப் புகையும். படகுக்குள் அந்த ஒயருக்குப் பக்கத்தில் என்னவெல்லாம் இருக்கும்? ஃபோம், கார்ப்பெட், லைஃப் ஜாக்கெட், பல படகுகளில் பெட்ரோல் டேங்க். தரையில் தீப்பிடித்தால் தள்ளி நிற்கலாம். ஏரி நடுவில் எங்கே தள்ளி நிற்பது?

பிரேக்கரோ ஃபியூஸோ, அது காப்பாற்றுவது ஒயரைத்தான். மோட்டாரைக் காப்பாற்றுவது இரண்டாம் பட்சம். பிரேக்கரை எங்கே வைப்பது, எத்தனை ஆம்பியரில் வாங்குவது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது.

பிரேக்கரை முன்னால், மோட்டார் பிளக்குக்குப் பக்கத்தில் வைக்கலாமா? கைக்கு எட்டும் இடமாக இருக்கிறது.

வேண்டாம். அதிகம் பார்க்கும் தவறு இதுதான், மோசமான தவறும் இதுதான். ஷார்ட் ஆனால் கரண்ட் கிளம்பும் இடம் பேட்டரி. பிரேக்கர் முன்னால் இருந்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் 20 அடி ஒயருக்கும் காவலே கிடையாது. அந்த 20 அடிதான் அலுமினிய விளிம்புகளில் உரசிக்கொண்டும், பலகைக்கு அடியில் நசுங்கிக்கொண்டும், ஒவ்வொரு அலைக்கும் குலுங்கிக்கொண்டும் போகிறது. மேலுறை கிழிந்து செம்பு அலுமினியத்தைத் தொட்டால் முன்னால் இருக்கும் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. கரண்ட் அதன் வழியாகப் போனால்தானே அது ட்ரிப் ஆகும்?

அமெரிக்கப் படகு விதிகள் இதற்கு அளவு சொல்கின்றன. பேட்டரி டெர்மினலிலிருந்து ஒயரின் வழியே அளந்தால் 7 அங்குலத்துக்குள் பிரேக்கரோ ஃபியூஸோ இருக்க வேண்டும். ஒயர் முழுவதையும் ஒரு குழாய் அல்லது உறைக்குள் விட்டிருந்தால் 72 அங்குலம் வரை போகலாம். இந்த விதி சட்டமாகக் கட்டுப்படுத்துவது எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் பெட்ரோல் இன்போர்டு படகுகளை. உங்கள் சின்னப் படகைச் சட்டம் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம், ஆனாலும் அதே அளவைப் பின்பற்றுங்கள். முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்விட்ச் வேண்டுமென்றால் தனியாக வைத்துக்கொள்ளலாம். பேட்டரி பக்கத்துப் பிரேக்கருக்கு அது மாற்று ஆகாது.

எத்தனை ஆம்பியர் பிரேக்கர் வாங்குவது?

மோட்டார் முழு வேகத்தில் இழுக்கும் கரண்டைவிடக் கொஞ்சம் அதிகமாக. 55 பவுண்ட் மோட்டார் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 60 ஆம்பியர் பிரேக்கர். 30 பவுண்ட் மோட்டார் 30 ஆம்பியர்தான் இழுக்கும், அதற்கு 50 ஆம்பியர் பிரேக்கர் என்று டிரோலிங் மோட்டார் செய்யும் மின் கோட்டா (Minn Kota) நிறுவனத்தின் அட்டவணை சொல்கிறது. உங்கள் மோட்டாரின் கையேட்டிலும் இப்படி ஓர் அட்டவணை இருக்கும், அதுவே கடைசிச் சொல்.

ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று 60-ஐக் கழற்றிவிட்டு 100 ஆம்பியர் போடுவதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒயர் தாங்கக்கூடிய கரண்டைவிடப் பெரிய பிரேக்கர் இருந்தால், பிரேக்கர் சும்மா இருக்க ஒயர் எரியும்.

60 ஆம்பியர் தாங்கும் ஒயரை வாங்கினால் போதுமா?

தீப்பிடிக்காமல் இருக்க அது போதும். மோட்டார் நன்றாக ஓடப் போதாது. இவை இரண்டும் வேறு வேறு கணக்கு.

105 டிகிரி செல்சியஸ் தாங்கும் மேலுறை கொண்ட 10 கேஜ் படகு கேபிள், எஞ்சின் அறைக்கு வெளியே 60 ஆம்பியர் தாங்கும் என்கிறது அமெரிக்கப் படகுத் தரக்குழுவான ஏ.பி.ஒய்.சி.யின் அட்டவணை. சரி, அதையே போட்டோம் என்று வையுங்கள். 10 கேஜ் செம்புக்கு ஓர் அடிக்கு ஒரு மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ். தூரம் 20 அடி, ஆனால் கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆக 40 அடி. 40 மில்லி ஓம், 50 ஆம்பியர்: 2 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. 12-ல் 10தான் மோட்டாருக்குப் போய்ச் சேரும். மீதி 100 வாட் ஒயரைச் சூடாக்குகிறது. காற்றடிக்கும்போது படகைப் பிடித்து நிறுத்தத்தான் இந்த மோட்டாரை வாங்கினீர்கள், அந்த நேரத்தில் சக்தி இல்லாமல் திணறும்.

அதே தூரத்துக்கு 6 கேஜ் போட்டால் இழப்பு 0.8 வோல்ட். 4 கேஜ் போட்டால் 0.5 வோல்ட், அதாவது சுமார் 4 சதவீதம். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதனால்தான் 50, 55 பவுண்ட் மோட்டார்களுக்கு மின் கோட்டா அட்டவணை இப்படிப் போகிறது: 5 அடிக்கு 8 கேஜ், 10 அடிக்கு 6, 15 அடிக்கும் 20 அடிக்கும் 4, 25 அடிக்கு 2 கேஜ். அங்கே தூரம் என்பது பேட்டரியிலிருந்து மோட்டாரின் சொந்த ஒயர் தொடங்கும் இடம் வரை, ஒரு வழித் தூரம்.

சதுர மில்லிமீட்டரில் 8 கேஜ் என்பது 8.4, 6 கேஜ் 13.3, 4 கேஜ் 21, 2 கேஜ் 33.6. கடையில் கிடைக்கும் அளவில் இதற்கு அடுத்த பெரியதை வாங்குங்கள்: 10, 16, 25, 35. கணக்கை நீங்களே போட வேண்டுமானால், 0.0175-ஐப் போய்வரும் மொத்த மீட்டரால் பெருக்கி, சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் ஓம் வரும். அதைக் கரண்டால் பெருக்கினால் இழக்கும் வோல்ட்.

ஆன்லைனில் அதே கேஜ் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அது பெரும்பாலும் சி.சி.ஏ. என்ற ரகம். உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அதே பருமனுக்குச் சுத்தச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ரெசிஸ்டன்ஸ். அதோடு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். படகுக்கு அது ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார் உதிரிக் கடையில் "6 கேஜ்" என்று எழுதியிருப்பது எஸ்.ஏ.இ. அளவாக இருக்கலாம். அதே எண்ணுள்ள ஏ.டபிள்யூ.ஜி. கேபிளைவிட அதில் செம்பு 6 முதல் 12 சதவீதம் குறைவு. வாங்க வேண்டியது வெள்ளீயம் பூசிய, மெல்லிய இழைகள் கொண்ட படகு கேபிள். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி, அதிர்வில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். நிறம்: பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு அல்லது மஞ்சள். அமெரிக்காவில் வீட்டு ஏ.சி. லைனின் உயிர் ஒயர் கறுப்பாக இருப்பதால், கரை மின்சாரமும் உள்ள படகில் மஞ்சள் போடுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

வீட்டு எம்.சி.பி. ஒன்று சும்மா கிடக்கிறது. 63 ஆம்பியர். அதைப் போட்டுவிடட்டுமா?

ஏ.சி.க்கு என்று செய்த எம்.சி.பி.யை இங்கே போடாதீர்கள். ஏ.சி. கரண்ட் விநாடிக்கு நூறு தடவை (அமெரிக்காவில் 120) பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. பிரேக்கரின் காண்டாக்ட் பிரியும்போது எழும் பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். டி.சி.யில் பூஜ்யமே கிடையாது. பொறி விடாமல் எரியும். அதனால் டி.சி. வோல்டேஜ் அச்சிட்டுள்ள பிரேக்கர்தான் வேண்டும். சோலாருக்கு விற்கும் டி.சி. எம்.சி.பி.களில் சிலவற்றுக்குப் பிளஸ், மைனஸ் திசை உண்டு, மாற்றி மாட்டினால் பொறியை அணைக்காது.

கார் ஆடியோவுக்கு விற்கும் விலை மலிவான பிரேக்கரையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே காண்டாக்ட் மெலிதாக இருக்கும், அதுவே சூடாகி 60 என்று எழுதியதை 40-லேயே ட்ரிப் செய்யும், சில நேரம் ட்ரிப் ஆகவே ஆகாது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ட்ரிப் ஆனால் கையால்தான் மறுபடி போட முடிய வேண்டும். தானாகப் போட்டுக்கொள்ளும் ரகம் வேண்டாம், ஏனென்று பாசி பற்றிய கேள்வியில் சொல்கிறேன். அடுத்து, லீவரைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே ட்ரிப் ஆகக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஃபியூஸா, பிரேக்கரா?

இரண்டும் செல்லும். பிரேக்கரைத் திரும்பப் போடலாம் என்பது வசதி. ஃபியூஸ் விலை குறைவு, நம்பகமானது, ஆனால் உதிரி ஒன்று எப்போதும் படகில் இருக்க வேண்டும். பேட்டரி டெர்மினல் மேலேயே உட்காரும் எம்.ஆர்.பி.எஃப். ஃபியூஸ் எனக்குப் பிடித்தது, 7 அங்குலக் கணக்கே அங்கே எழாது.

லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் இருக்கிறதே, அதுவே பிரேக்கர் மாதிரித்தானே?

இல்லை. பி.எம்.எஸ். பேட்டரியின் செல்களைக் காப்பாற்ற வைத்தது. நீங்கள் போட்ட ஒயர் என்ன கேஜ் என்று அதற்குத் தெரியாது. 100 ஆம்பியர் வரை அது நிம்மதியாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும், 60 ஆம்பியர் ஒயர் அதற்குள் உருகிவிடும். அதில் இருப்பவை மின்னணு ஸ்விட்சுகள், பழுதானால் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

லித்தியத்தின் உள் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு என்பதால் ஷார்ட் ஆனால் வரும் கரண்டும் பெரிது. எத்தனை ஆம்பியர் ஷார்ட் கரண்டைப் பிரேக்கர் வெடிக்காமல் அறுக்கும் என்று ஒரு எண் அதன் விவரத்தாளில் இருக்கும். ஏ.ஐ.சி. என்று போட்டிருப்பார்கள். எம்.ஆர்.பி.எஃப். ஃபியூஸுக்கு 14 வோல்ட்டில் அது 10,000 ஆம்பியர். கிளாஸ் டி (Class T) ஃபியூஸுக்கு 20,000. அந்த எண்ணே எழுதாத பிரேக்கரை லித்தியம் பேட்டரியோடு சேர்க்க வேண்டாம்.

பழகிக்கொள்ள வேண்டிய இன்னொன்று: லெட்-ஆசிட் பேட்டரி தீரும் முன் மோட்டார் மெல்ல மெல்லத் தளரும். லித்தியம் கடைசி வரை தளராது, திடீரென்று பி.எம்.எஸ். அறுத்துவிடும். கரைக்குத் திரும்பும் கணக்கை ஆம்பியர்-அவர் மீட்டரைப் பார்த்துப் போடுங்கள், மோட்டாரின் சத்தத்தை வைத்துப் போடாதீர்கள்.

24 வோல்ட்டில் ஃபியூஸ் எங்கே வரும்? ஒயர் இரண்டு மடங்கு வேண்டுமா?

நேர்மாறு, ஒயர் மெலிதாகவே போதும். 24 வோல்ட்டில் 80 பவுண்ட் மோட்டார் இழுப்பது 56 ஆம்பியர். அதே சக்தியை 12 வோல்ட்டில் எடுத்தால் 112 ஆகும். அதனால் 80 பவுண்ட் மோட்டாருக்கு 20 அடிக்கு 6 கேஜ் போதும், 36 வோல்ட் 112 பவுண்டுக்கு 25 அடி வரை 8 கேஜே போதும் என்கிறது அதே அட்டவணை.

இரண்டு பேட்டரியையும் சீரியஸில் சேர்க்கும்போது, முதல் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து இரண்டாவதின் மைனஸுக்கு ஓர் இணைப்புக் கேபிள். மீதமுள்ள பிளஸ்ஸிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயரில், டெர்மினலை ஒட்டிப் பிரேக்கர். பிரேக்கரில் அச்சிட்ட டி.சி. வோல்டேஜ் மொத்த வோல்டேஜுக்குக் குறையாமல் இருக்கட்டும். பேட்டரிகள் பக்கம் பக்கமாக இல்லாமல் ஒன்று வலப்புறம், ஒன்று இடப்புறம் என்று பிரிந்திருந்தால், அந்த இணைப்புக் கேபிளும் நீண்ட ஒயர்தான். அதற்கும் தனி ஃபியூஸ் போடுங்கள்.

சீரியஸில் சேர்க்கும் பேட்டரிகள் ஒரே வயது, ஒரே ரகமாக இருக்கட்டும். லித்தியமாக இருந்தால் சீரியஸில் சேர்க்கத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று பாருங்கள், எல்லாரும் அனுமதிப்பதில்லை.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துப் பிரேக்கரைத் தட்டிவிடும் என்கிறார்களே?

பரவலாகச் சொல்லப்படுவது, ஆனால் சாதாரண பிரஷ் மோட்டாருக்குப் பொருந்தாது. நிரந்தரக் காந்தம் கொண்ட அந்த மோட்டாரில் வோல்டேஜ் குறைந்தால் வேகம் குறையும், புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீரும் குறையும், கரண்டும் குறையும். பிரஷ் இல்லாத புது ரகங்களில் எலக்ட்ரானிக்ஸ் சக்தியை நிலையாக வைத்துக்கொள்ளப் பார்க்கும், அங்கே அந்தப் பேச்சு ஓரளவு உண்மையாகலாம்.

பிறகு ஏன் அடிக்கடி ட்ரிப் ஆகிறது?

முதலில் புரொப்பெல்லரைப் பாருங்கள். ஹைட்ரில்லா மாதிரி நீர்ப்பாசி சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறும். சுற்றுவது நின்றேவிட்டால், முழு வேகத்தில் இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் பாயும். சுழலும்போது மோட்டாரே உண்டாக்கும் எதிர் வோல்டேஜ்தான் கரண்டை அடக்கி வைக்கிறது. சுழற்சி நின்றால் அதுவும் இல்லை. பிரேக்கர் அப்போது ட்ரிப் ஆவது அதன் வேலை.

பாசியை எடுக்கக் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். தானாகப் போட்டுக்கொள்ளும் பிரேக்கர் வேண்டாம் என்றது இதற்காகத்தான். விரல் பிளேடுக்கு நடுவில் இருக்கும்போது பிரேக்கர் குளிர்ந்து தானே ஆன் ஆனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

புரொப்பெல்லர் சுத்தமாக இருந்தும் ட்ரிப் ஆனால், பிரேக்கரின் இரண்டு போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். லூஸ் கனெக்‌ஷனில் 10 மில்லி ஓம் இருந்தாலே 50 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிரேக்கரோடு சேர்த்துக் கட்டியதற்குச் சமம். பிரேக்கர்கள் பலவும் சூட்டை வைத்து ட்ரிப் ஆகும் ரகம், கரண்ட் சரியாக இருந்தும் அந்தச் சூட்டில் தட்டிவிடும். வெயிலில் காயும் மூடிய பெட்டிக்குள் பிரேக்கர் இருந்தாலும் இதே கதைதான்.

லூஸ் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மல்டிமீட்டர் ஒன்று, கூட ஓர் ஆள். படகு தண்ணீரில், கரையோடு நன்றாகக் கட்டப்பட்டு, புரொப்பெல்லர் முழுகியபடி, மோட்டார் முழு வேகத்தில். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 12.3 என்று வையுங்கள். பிறகு முன்னால் பிளக்கின் பின்புறம் அளக்கவும், 11.2 வருகிறது. 1.1 வோல்ட் வழியில் போகிறது.

இனி அதைத் துண்டு துண்டாகத் தேட வேண்டும். ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறுமுள்ளை அதன்மேல் உட்கார்ந்திருக்கும் லக்கிலும் (கேபிள் முனையில் மாட்டிய உலோக வளையம்) வையுங்கள். இரண்டும் ஒட்டித்தான் இருக்கின்றன, மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.3 காட்டினால் திருடன் அங்கேதான். இல்லையென்றால் லக்கிலிருந்து பிரேக்கர் போல்ட், பிரேக்கரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், பிளக்கின் ஆண் பின், பெண் பின் என்று வரிசையாகப் போங்கள். மைனஸ் பக்கத்தையும் விடாதீர்கள், எல்லாரும் பிளஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வோர் இணைப்பிலும் 0.05 வோல்ட்டுக்கு மேல் போனால் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்குவது நல்லது.

டெர்மினலில் கையால் திருகும் இறக்கை நட் இருந்தால் இன்றே மாற்றுங்கள். 6 கேஜும் அதற்குமேல் தடித்த கேபிளும் உள்ள இடத்தில் அது கூடாது என்கிறது ஏ.பி.ஒய்.சி. ஸ்பானர் போட்டு இறுக்கும் அறுகோண நட்டும் லாக் வாஷரும்தான் அங்கே நிற்கும்.

லக்கைச் சுத்தியால் அடித்து, ஈயம் வைத்தால் பலமாக இருக்காதா?

சுத்தியடியில் லக் ஒரு பக்கம் நசுங்கும், உள்ளே காற்றிடம் இருக்கும், அதில் ஈரம் புகுந்து களிம்பு பிடிக்கும். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் விலை அதிகமில்லை, சரியான அச்சை வைத்து அழுத்தினால் இழைகளும் லக்கும் ஒரே கட்டியாகிவிடும். ஈயத்தை மட்டும் நம்பிய இணைப்பு கூடாது. சூட்டில் அது இளகும், ஈயம் ஏறிய இடத்தில் கேபிள் விறைத்து அதிர்வில் முறியும். கிரிம்ப் செய்தபின் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடாக்குங்கள், ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால் நன்றாக மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

மைனஸுக்கு ஒயர் இழுக்காமல் அலுமினியப் படகின் உடம்பையே பயன்படுத்தலாமா, கார் மாதிரி?

கூடாது. படகின் உடம்பு வழியாகக் கரண்ட் போனால் அலுமினியம் அரிக்கப்பட்டு ஓட்டை விழும். பிளஸ்ஸுக்குப் போட்ட அதே கேஜில் மைனஸுக்கும் தனிக் கேபிள்.

மோட்டாரை ஓட்டினால் மீன் காட்டும் கருவியின் திரையில் கோடு கோடாக வருகிறது.

வேகத்தைக் குறைக்க மோட்டார் கரண்டை விட்டு விட்டுக் கொடுப்பதால் வரும் இரைச்சல் அது. கருவிக்குத் தனியாகச் சின்ன பேட்டரி கொடுங்கள், அதன் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி இழுங்கள்.

பழைய படகில் ஏற்கெனவே இழுத்த ஒயர் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

ஒரு முனையில் லக்கை வெட்டிவிட்டு மேலுறையை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு பளிச்சென்று இருந்தால் நல்லது. கறுத்திருந்தால் இன்னும் ஓர் அங்குலம் உரியுங்கள். உள்ளே போகப் போகவும் கறுப்பாகவே இருந்தால் அந்தக் கேபிளுக்கு ஆயுள் முடிந்தது, முழுவதையும் உருவி எடுங்கள். நன்றாக இருந்தால் மேலுறையில் அச்சிட்ட கேஜைப் படித்து, மேலே சொன்ன தூரக் கணக்கோடு ஒப்பிடுங்கள். அச்சு அழிந்திருந்தால் யூகித்துப் பிரேக்கர் போட வேண்டாம். அலுமினியத்தைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ஒயரை உரசாமல் காக்கும் ரப்பர் வளையமான கிராமெட் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒயர் மேல் வெட்டுத் தட்டுப்பட்டால் அதையும் மாற்றியாக வேண்டும்.

பேட்டரியையும் ஒரு கை இழுத்துப் பாருங்கள். 90 பவுண்ட் விசையில் இழுத்தாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது என்பது விதி. பேட்டரி நகர்ந்தால் நீங்கள் அழகாகக் கிரிம்ப் செய்த லக்தான் அந்த இழுப்பையெல்லாம் வாங்கும். பிளஸ் டெர்மினலுக்கு மூடி போடுங்கள். வேலை செய்யும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மைனஸ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.